வகுப்பில் நான் தடை செய்த சொல்

செவிலிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளின் மனசு எனக்கு அத்துப்படி என்று பெற்றோர் கூட்டத்தில் வாய் கிழியப் பேசியவள் நான். அந்தத் திமிரில்தான் இதைச் செய்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

சென்ற ஆண்டு என் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா இறந்துபோனார். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போய்வந்தவர். காய்ச்சல் என்று படுத்தார், ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்து சிறுமி பள்ளிக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள், மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னேன்.

“நாளைக்கு அவ வருவா. அவ முன்னாடி யாரும் அம்மான்னு பேசக்கூடாது. பாவம், அழுதுடுவா. பேசினா வெளிய நிக்க வெச்சிடுவேன்.”

அதோடு விட்டேனா? சுவரில் ‘அ’வுக்கு மாட்டியிருந்த அம்மா படத்தைக் கழற்றிவிட்டு அணிலை மாட்டினேன். கதையில் அம்மா வந்தால் அத்தையாக மாற்றிச் சொன்னேன். பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் இதைப் பெருமையாக வேறு பீற்றிக்கொண்டேன்.

ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அம்மாவை விட்டால் வேறென்ன பேச்சு இருக்கிறது? சோற்று டப்பாவைத் திறந்தாலே அம்மாதான். எங்கே வெளியில் நிறுத்திவிடுவேனோ என்ற பயத்தில், அவள் கிட்டே வந்தாலே எல்லாரும் கப்சிப். நாளாக ஆக, பக்கத்தில் உட்காருவதையே விட்டுவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் மட்டும் தூணோரம் தனியாகச் சாப்பிட்டாள். அழவே இல்லை. பரவாயில்லையே, சீக்கிரம் தேறிவிட்டாள் என்று நான் நினைத்தேன். அறிவுகெட்ட நினைப்பு.

பத்து நாள் போயிருக்கும். ஒரு மதியம் என் மேசையருகே வந்து நின்றாள்.

“மிஸ், நான் இன்னா தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலியே கண்ணு. யாரு சொன்னது?”

“அப்ப ஏன் யாரும் எங்கூட பேச மாட்டேங்கிறாங்க? வீட்ல அம்மான்னு சொன்னா எங்கப்பா எழுந்து வெளிய போயிடுது. இங்க சொன்னா இவுங்க ஓடிடுறாங்க. நான் எங்கதான் மிஸ் சொல்றது?”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அன்றைக்கே பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தேன். “மிஸ் சொன்னது தப்பு. அம்மாவைப் பத்தி எல்லாரும் பேசலாம். இவ அம்மாவைப் பத்தி யாருக்காவது எதாவது தெரியுமா?” என்றேன். அந்த அம்மா தனக்கு ஒருமுறை முறுக்கு கொடுத்ததாக ஒரு சிறுமி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ரெண்டு முறுக்கு!” என்று இவள் திருத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்க மிஸ். எங்கம்மாவ உங்களுக்குத் தெரியும் இல்ல?”

எனக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவிருந்தது. கம்பெனி பஸ் தாமதமாகி, ஒரு மாலை இவளைக் கூட்டிப்போக அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கேட்டருகே, நாலு பேர் பார்க்க, அவரை வறுத்தெடுத்துவிட்டேன். அதையா சொல்வது?

“மறந்துட்டீங்களா மிஸ்? அன்னிக்கு கேட்டாண்ட திட்டினீங்களே! வழியெல்லாம் எங்கம்மா உங்கள மாதிரியே பேசிக் காட்டிக்கினு வந்துச்சு. எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு!”

எழுந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக் கண்ணை உருட்டி, அவள் அம்மா பேசிக் காட்டியதை அப்படியே பேசிக் காட்டினாள்.

“தனியா நிக்கிற புள்ள மனசு எப்படி இருக்கும்னு கொஞ்சமாச்சும் தெரியுதா உங்களுக்கு?”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். “இன்னொரு தடவ, இன்னொரு தடவ” என்று பிள்ளைகள் கத்தினார்கள். செய்யலாமா என்று அவள் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். குனிந்த தலை நிமிராமல் மறுபடியும் கேட்டுக்கொண்டேன்.