ஒருநாள் சூப்பிரண்டு

டிப்ளமோ நர்சாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு நான் பட்டம் படிக்கப் போனதற்குக் காரணம் ஒன்றுதான். மார்த்தாண்டம் பக்கம் நான் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்டு பதவிக்குப் பட்டம் வேண்டும் என்றார்கள். “டிகிரிய முடிச்சிட்டு வாருங்க சிஸ்டர், அந்தக் கசேர உங்களுக்காக்கும்” என்றார் மேனேஜர். அந்த நாற்காலியை நம்பித் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தேன்.

ஞாயிறுதோறும் நாகர்கோவிலில் வகுப்பு. ஆராதனையில் என் இடம் தொடர்ந்து காலியாக இருந்ததால், நான் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டேன் என்று யாரோ சொல்லி, போதகர் வீட்டுக்கே ஜெபிக்க வந்துவிட்டார். ஆண்டு விடுப்பு முழுவதும் இன்னோர் ஆஸ்பத்திரியில் செய்முறைப் பயிற்சியில் போனது. அங்கே என் மகள் வயதுப் பெண்கள் எனக்குப் படுக்கை விரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டேன். புதுக்கடையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் கணவர், நான் அசைன்மென்ட் எழுதுவதைப் பார்த்து, “படிச்சு முடி, நல்ல மாப்பிள பாப்போம்” என்பார். சொல்லிவிட்டு, தாள்களை அவரே வரிசையாக அடுக்கித் துளையிட்டுக் கட்டித் தருவார்.

மூன்று ஆண்டுகளில் முடித்தேன். சபையில் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் சான்றிதழோடு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சந்தோசம் சிஸ்டர். பின்ன, இது தபால்ல படிச்சதாக்குமே. ரெகுலர் வேற, தபால் வேற இல்லியா?”

“மூணு வருசமா ஞாயித்துக்கிழம நாகர்கோவிலுக்கு என்னயும் தபால்லயா அனுப்பினாவ?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாற்காலியில் பெரிய டாக்டரின் மைத்துனி உட்கார்ந்தார். அவருக்கு டிப்ளமோ மட்டும்தான். தபால் பட்டம்கூட இல்லை. ஆனால் அவர் படித்தது தபாலில் அல்ல. அதன் பிறகு டியூட்டி ரூமில் அவர் “தபால் வந்தாச்சா?” என்று கேட்டால், அது என்னைத்தான்.

அடுத்த மழைக்காலத்தில், தரச்சான்று கொடுப்பதற்காக வெளியிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். அன்று காலை சூப்பிரண்டு அம்மாவுக்குக் காய்ச்சல் என்றார்கள். மேனேஜர் ஒரு வெள்ளைக் கோட்டையும் ஒரு பேட்ஜையும் கொண்டுவந்து என் கையில் தந்தார். பேட்ஜில் என் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டம், கீழே ‘நர்சிங் சூப்பிரண்டு’. பெயர் மட்டும் ஸ்டிக்கர். விரலால் தடவினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் விளிம்பு தட்டுப்பட்டது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன். முன்பு எங்கள் வார்டில் வெறும் நர்சாகவே இருந்து, மஸ்கட்டுக்குப் போய்விட்ட பட்டம் படித்த ஒருத்தியின் பெயர் அது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் பட்டத்துக்கு இப்போதுதான் வேலை வந்தது என்று நினைத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

அந்த நாற்காலியில் இருந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தபாலா, ரெகுலரா என்று வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. மாலையில் அவர்கள் கார் ஏறியதும் மேனேஜர் வந்தார்.

“நல்லா சொன்னீங்க சிஸ்டர். கோட்டையும் பேட்ஜையும் ஸ்டோர்ல குடுத்துட்டுப் போங்க. கோட்டு கசங்காமப் பாத்துக்கிடுங்க.”

மறுநாள் நீலச் சேலையில் பழைய வார்டுக்குப் போனேன். சூப்பிரண்டு அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

எங்கள் வார்டில் என்னைவிட இளைய நர்ஸ் ஒருத்தி இருந்தாள். புருஷன் குவைத்தில், கையில் சிறு குழந்தை. நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், “ஏட்டி, நீயும் சேரு, நமக்கும் ஒரு காலம் வரும்” என்று அவளை விடாமல் சொல்லி அதே படிப்பில் சேர்த்தது நான்தான். அவளும் முடித்திருந்தாள்.

சில ஆண்டுகள் கழித்து, தரச்சான்றைப் புதுப்பிக்கும் ஆய்வு வந்தபோது மேனேஜர் மறுபடி என்னைக் கூப்பிட்டார்.

“பதவிக்கு ஆர்டர் தாருங்க, கோட்டு போடுதேன். ஆர்டர் இல்லன்னா கோட்டும் இல்ல” என்றேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. “உங்க இஷ்டம் சிஸ்டர். இப்ப டிகிரி உங்க கையில மட்டுமா இருக்கு?”

ஆய்வு நாள் காலையில் நான் மருந்துத் தள்ளுவண்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் அந்த வெள்ளைக் கோட்டில் வந்து நின்றாள். கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தாள்.

“யக்கா, எனக்க மேல கோவமா?”

“மேனேஜர் என்னட்டி சொன்னாரு?”

“கசேர எனக்காக்கும்னு சொன்னாரு.”

“எனக்கும் அதத்தான சொன்னாரு. உனக்குத் தெரியாதா?”

“தெரியும் யக்கா.” கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். “ஒருவேள எனக்குக் கிட்டிட்டா?”

அந்தக் கோட்டுக்குள் கையை நுழைத்தபோது எனக்கும் அதே நினைப்புதான் இருந்தது. நான் மறுத்ததால் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் குறையவில்லை. ஆள் மாறியது, அவ்வளவுதான். அந்த ஆளையும் நானே படிக்கவைத்துத் தந்திருந்தேன்.

அவள் பேட்ஜில் ஸ்டிக்கரின் ஒரு முனை எழும்பி நின்றது. அடியில் என் தலைப்பெழுத்து தெரிந்தது. முற்றத்தில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எழும்பிய முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். உடனே ஒட்டவில்லை. ஒட்டும்வரை அழுத்திப் பிடித்திருந்தேன்.

“போ மக்கா, போய்க் கசேரையில இரி” என்றேன்.