பத்துமலையின் பகல் விளக்கும் நாற்பத்தொரு கைகளும்

ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் மூன்று வாரமாக ஒரு வதந்தி நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துக்கொண்டிருந்தது. பழைய செமோர் சாலையில் தினமும் காலை பத்தரை மணிக்குப் போலீஸ் ரோட்பிளாக் போடுகிறார்களாம். முதல் வாரம் ரோட்டெக்ஸ் என்கிற சாலை வரி கட்டாதவர்களை மட்டும் பிடித்தார்கள். இரண்டாம் வாரம் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு வாரைப் பூட்டாதவர்களும் மாட்டினார்கள். மூன்றாம் வாரம் ஒரு நாயே வந்துவிட்டது. லைசென்ஸை முகர்ந்து பார்த்தே காலாவதியானதா இல்லையா என்று சொல்லிவிடுகிறதாம். சொன்னவர்களில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. பார்த்தவரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சரிபார்த்தபோது, பத்தரை மணிக்கு அந்தச் சாலையில் இருந்தவை இவ்வளவுதான்: குடை பிடித்த ஓர் இளநீர் வண்டி, எண்ணெய் ஆலைக்குப் போன செம்பனை லாரி சிந்திய பழங்கள், சாலையைக் கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஓர் உடும்பு. கூம்பு இல்லை, கூடாரம் இல்லை, நாய் கூட இல்லை.

"போலீஸா? தைப்பூசத்தப்ப ஒருத்தரு வந்தாரு. இளநீ குடிச்சாரு, போயிட்டாரு" என்றார் இளநீர்க்காரர்.

ஆனாலும் அந்தச் சாலையில் ஈப்போ பக்கம் போகிற மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மாப்பிள்ளை ஊர்வலம் போல மெதுவாகப் போயின. கார்க்காரர்கள் அவசரமாகப் பெல்ட்டை இழுத்து மாட்டினார்கள். காரணம், எதிர்ப்பக்கம் நிதானமாக வந்த ஒரு கறுப்புக் கார். பட்டப்பகல் வெயிலில் அதன் முன் விளக்குகள் இரண்டும் வெள்ளை வெளேரென்று எரிந்தன. பாலத்தடிக் குழிகளில் இறங்கி ஏறியபோது இரண்டும் சேர்ந்து படபடவென்று இரண்டு முறை கண்ணடித்தன.

எதிரே வரும் வண்டி பகலில் இரண்டு தரம் விளக்கைச் சிமிட்டினால் என்ன பொருள் என்று மலேசியாவில் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்துவதில்லை. தெரியாதவர்களும் இல்லை. முன்னால் போலீஸ் நிற்கிறது, ஒழுங்காகப் போ. பதிலுக்கு ஒரு கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போவது மரியாதை. இனம், மதம், மொழி பார்க்காமல் இந்நாட்டு மக்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவிகளில் இதுதான் இன்னும் குறையாமல் நடக்கிறது.

விஷயம் தெரியாத ஒரே ஆள் அந்தக் காருக்குள் இருந்தார். அவர் பெயர் பத்துமலை. வயது அறுபத்து மூன்று.

பத்துமலை மின்சாரக் கம்பெனியில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். பில் கட்டாதவர் வீட்டுக்குப் போய்க் கரண்டை வெட்டுவது வேலை. புந்தோங்கிலிருந்து செமோர் வரைக்கும் அவருடைய ஏணி சாயாத சுவர் குறைவு. அவர் வேன் தெருமுனையில் திரும்பும்போதே "வெட்டுக்காரரு வாராரு!" என்று யாராவது கத்துவார்கள். உடனே கதவுகள் மூடும், நாய்கள் அவிழும், வீட்டில் ஆள் இல்லாமல் போகும். இருபத்தொன்பது வருடத்தில் அவரைப் பார்த்து ஒருவரும் கை உயர்த்தியதில்லை. செருப்பை உயர்த்தியவர்கள் உண்டு.

செமோர் சந்திப்பில் வடை போடும் வீரம்மா செருப்பையும் தூக்கவில்லை. ஒரு தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பத்துமலை ஏணியோடு போனபோது, அவர் வீட்டுக் கிரைண்டரில் உளுந்து பாதி அரைந்திருந்தது. வீரம்மா கெஞ்சவில்லை. கிரைண்டரைப் பார்த்தார், பத்துமலையைப் பார்த்தார். பத்துமலை வாசலுக்குப் போய் இருபது நிமிடம் வெயிலில் நின்றார். மாவு பதமானதும் வந்து வெட்டினார். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் "வீட்டில் நாய்" என்று எழுதி, நகலை வீரம்மா கையில் கொடுத்தார். வீரம்மா நாய் வளர்த்ததில்லை. அன்றிலிருந்து வீரம்மா அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்துமலையும் அதை வேலையோடு வந்த சங்கடங்களில் ஒன்றாக வைத்துக்கொண்டார்.

கார் அவருக்கு ஓய்வு பெற்ற பிறகு வந்தது. ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கும், செம்பனையிலிருந்து வீடமைப்புத் தாமானுக்கும் மாறியபோது, அதன் மேனேஜர் கைமாற்றிவிட்டுப் போன ஸ்வீடன் நாட்டுக் கார். வயது முப்பதை நெருங்கியது. அந்த ஊரில் பகலே மங்கலாக இருக்குமாம். அதனால் என்ஜினை முடுக்கினாலே முன்னால் இரண்டு சின்ன விளக்குகள் தானாக எரியும், அணைக்க முடியாது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத பேராக் மாநிலத்தில் பத்துமலை மஞ்சளாக இரண்டு அகல் விளக்கை ஏந்திக்கொண்டு திரிந்தார். சிக்னலில் நிற்பவர்கள், "அங்கிள், லைட்டு எரியுது!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுதான் அவருக்கு வெளியுலகத்தோடு இருந்த பேச்சுவார்த்தை.

தினமும் பத்து மணிக்கு மேல் செமோர் வரைக்கும் போய், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று குடித்துவிட்டு வருவார். புந்தோங்கில் தே தாரிக் இல்லாமல் இல்லை. ஓட்டாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்பார். பேட்டரியைத்தான் சொல்கிறாரா என்று அவர் மனைவி கலாதேவிக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு நாள் அந்த விளக்கில் ஒன்று போனது. புந்தோங்கில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ஷரபுதீனிடம் போனார்.

"அண்ணே, இந்தப் பல்பு இனிமே தேடணும்லா. ரெண்டையும் கழட்டிட்டு எல்.இ.டி. போட்டுருவோம். வெள்ளையா எரியும். நேத்து வாங்குன காரு மாதிரி இருக்கும்."

"கரண்டு எவ்வளவு குடிக்கும், பாய்?"

"கால்வாசி கூடக் குடிக்காது."

இருபத்தொன்பது வருடம் மின்சாரத்தோடு வாழ்ந்தவருக்கு அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. கால் மணி நேரத்தில் பல்பு மாறியது. கடை வாசலில் நின்று பார்த்தார்கள். விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது. அங்கே குழி இல்லை.

மறுநாள் பாலத்தைத் தாண்டியதும் எதிரே வந்த மோட்டார்க்காரர் ஒருவர் கையை உயர்த்தினார். தெரிந்தவர் போலிருக்கிறது என்று பத்துமலையும் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினார். அடுத்து ஒரு மீன் வேன். அடுத்து ஒரு சீனப் பெண்மணி, சிரிப்போடு. ஒரு லாரிக்காரர் ஹாரனே அடித்தார்.

"இன்னைக்கு முப்பத்தேழு" என்றார் வீட்டுக்கு வந்து.

"எது முப்பத்தேழு?" என்று கேட்டார் கலாதேவி.

"கை. முப்பத்தேழு பேரு கை தூக்குனாங்க."

"உங்களுக்கா?"

"பின்ன, காருக்கா?"

கலாதேவி வெண்டைக்காயை நறுக்குவதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "அடிக்க ஓங்குனதையும் சேத்தா எண்ணுனீங்க?"

பத்துமலை கோபப்படவில்லை. மனிதனின் அருமை அவன் வேலையை விட்டு நின்ற பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது என்று ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மூன்று வாரத்தில் நடை மாறியது. சட்டை பேண்டுக்குள் போனது. ஒரு புதன்கிழமை நாற்பத்தொரு கை. அன்று சாயந்தரமே பாலத்தடி முனீஸ்வரர் கோவில் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாக அறிவித்தார்.

"அங்க பதினோரு வருசமா சதாசிவம் அண்ணன் இருக்காரு" என்றார் கலாதேவி.

"இருக்கட்டும். ஜனங்க யாரு பக்கம்னு ரோட்டுல போனாத் தெரியும்."

அந்த ரோட்டில் கை தூக்காத ஒரே ஆள் வீரம்மா. பழைய மோட்டார் சைக்கிளில் வடைக்கூடையோடு எதிரே வருவார், சாலையையே பார்ப்பார், போய்விடுவார். ஹெல்மெட் வாரும் லைசென்ஸும் சரியாக இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பது பத்துமலைக்குத் தோன்றவில்லை. பழைய கோபம் என்று நினைத்தார். நாற்பத்தொன்றுக்கு நடுவே ஒன்று போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டம். அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தேவன் பத்துமலையின் பெயரை முன்மொழிந்தார். வாக்கெடுப்பு அங்கே எப்போதும் கை தூக்கித்தான். "பத்துமலைக்கு ஆதரவா இருக்கவங்க தூக்குங்க" என்றார் செயலாளர்.

பத்துமலை தன் கையைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தேவன் தூக்கியிருந்தார். பெண்கள் பக்கத்தில் கலாதேவி கொஞ்சம் யோசித்துத் தூக்கினார். தூணுக்குப் பின்னாலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை, முகம் தெரியாமல். செயலாளர் இரண்டு முறை எண்ணினார். எப்படி எண்ணினாலும் நான்குதான். சதாசிவத்துக்கு எழுந்த கைகளை அவர் எண்ணவே இல்லை.

வெளியே தேநீர் கொடுத்தார்கள். சதாசிவத்தின் லாரி ஓட்டும் தீபன் கோப்பையோடு வந்தார். "அண்ணே, வாசல்ல நிக்கிற கறுப்புக் காரு யாருது?"

"என்னுதுதான்."

"ஐயோ அண்ணே! நீங்கதானா அது? செமோர் ரோட்டுல டெய்லி ரெண்டு தரம் லைட்டு அடிச்சு ரோட்பிளாக் இருக்குன்னு சொல்றது நீங்கதானா? உங்களாலதான் மூணு வாரமா பெல்ட்டு போட்டே ஓட்டுறேன். நானும் கை காட்டிட்டே இருக்கேன், உள்ள யாருன்னு தெரியாது, முன் கண்ணாடி அவ்வளவு கறுப்பு, வெளிய ஒரு கைதான் தெரியும்."

"நான் எங்க லைட்டு அடிச்சேன்?"

தீபன் சிரித்தார். சிரித்து முடித்ததும் பத்துமலையின் முகத்தைப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "முன்னாலேயே தெரிஞ்சிருந்தா உங்களுக்கே கை தூக்கியிருப்பேன்லா, அண்ணே."

திங்கட்கிழமை ஷரபுதீன் கார் மூடியைத் திறந்து, ஒரு ஒயரை விரலால் ஆட்டிக் காட்டினார். விளக்குகள் இரண்டும் கண்ணடித்தன.

"எர்த்து ஒயருண்ணே. துருப்பிடிச்சுப் பத்து வருசம் இருக்கும். பழைய பல்புல கம்பி சூடா இருக்கும்லா, கரண்டு கண்ணிமைக்கிற நேரம் விட்டாலும் அந்தச் சூட்டுலயே எரிஞ்சு சமாளிச்சிரும். இது அப்படி இல்ல. விட்டா அணைஞ்சிரும், வந்தா எரியும். ஒளிவு மறைவு கிடையாது. ரெண்டு நிமிசம், மாத்திர்ரேன்."

பத்துமலை அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்தது. சாலை மறுபடியும் பழைய சாலை ஆகிவிடும்.

"அவசரமா, பாய்?"

"அவசரம்னு இல்ல. ஆனா சரியில்லைலா."

"அடுத்த வாரம் பாப்போம்."

நேராகச் செமோருக்குப் போனார். முப்பத்தொன்பது கை. எல்லாம் தெரிந்த பிறகும் ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. பதிலுக்குக் கை காட்டவும் தவறவில்லை. செவ்வாயும் புதனும் அப்படியே.

வியாழக்கிழமை செமோர் பசாருக்குக் காய்கறி வாங்கப் போக வேண்டும் என்று கலாதேவியும் ஏறிக்கொண்டார். கதை முழுவதும் அவருக்குத் தெரியும். பாலம் தாண்டியது, விளக்கு கண்ணடித்தது, ஒரு கை எழுந்தது. கலாதேவி கண்ணாடியை இறக்கினார். மூன்றாவது கைக்குத் தானும் கை காட்டினார். ஆறாவதுக்குள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தேர்மேல் வருகிறவர் போல மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஆட்டத் தொடங்கிவிட்டார்.

"பாருங்க, அந்தப் பொண்ணு எப்படிச் சிரிக்குது!"

"கலா, அது நமக்கு இல்ல."

"யாருக்கா இருந்தா என்ன? வருதுல்ல. வாங்கி வச்சுக்குவோம்."

பத்துமலை மனைவியைப் பார்த்தார். மூன்று வாரமாகத் தான் எப்படி இருந்திருப்போம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பசாருக்குப் போகாமல் காரைத் திருப்பினார். ஷரபுதீன் சொன்னபடி இரண்டே நிமிடம்தான் ஆனது.

அதன் பிறகு விளக்கு சிமிட்டவில்லை. கையும் எழவில்லை. மோட்டார்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின, ஹெல்மெட் வார்கள் காற்றில் ஆடின. பத்துமலை கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனார். இனி ஏமாறுவதில்லை என்று ஒரு முடிவு.

நான்காம் நாள் பாலத்தடியில் வீரம்மா எதிரே வந்தார். ஹெல்மெட் வார் இறுகப் பூட்டியிருந்தது. பக்கத்தில் வந்ததும் வலது கையை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும் என்பதால் இடது கையை உயர்த்தினார். வளையல் வெயிலில் மின்னியது.

பத்துமலை கை காட்டவில்லை. 'மறுபடியும் ஒயரு போச்சு' என்று நினைத்தார். தே தாரிக்கூடக் குடிக்காமல் ஷரபுதீனிடம் போய்விட்டார். ஷரபுதீன் ஒயரை இழுத்தார், குலுக்கினார், பானெட்டில் குத்தினார். விளக்கு அசையவில்லை.

"ஒண்ணும் இல்லண்ணே. கல்லு மாதிரி எரியுது."

"அப்புறம் ஏன் அந்தம்மா கை தூக்குச்சு?"

"அத எப்படி எர்த்து ஒயருல பாக்குறது?"

வீட்டில் சொன்னபோது கலாதேவி ஆச்சரியப்படவே இல்லை. "கூட்டத்துல தூணுக்குப் பின்னாலேர்ந்து தூக்குனதும் வீரம்மாதான். என் பக்கத்துலதான் உக்காந்திருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. நான் கேட்டேன், ஏன் இவருக்குக் கை தூக்குனீங்கன்னு. சதாசிவம் மூஞ்சி புடிக்கலன்னுச்சு." அடுப்பைத் தணித்துவிட்டு, "இன்னொண்ணும் சொல்லுச்சு. நம்ம வீட்டுல நாய் இருக்கான்னு கேட்டுச்சு. எதுக்குன்னு தெரியல" என்றார்.

மறுநாள் பத்துமலை எட்டரைக்கே கிளம்பினார். செமோர் சந்திப்பில் வடைக்கடை மூடியிருந்தது. மகளுக்குப் பிரசவம், வீரம்மா ஆயர் தாவார் போயிருக்கிறார், வர ஒரு மாதம் ஆகலாம், இரண்டும் ஆகலாம் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

இப்போதும் கறுப்புக் கார் தினமும் செமோருக்குப் போகிறது. விளக்குகள் கண்ணடிக்காமல் எரிகின்றன. பாலத்தடிக்கு வந்ததும் பத்துமலை கண்ணாடியை இறக்கி, வலது கையை வெளியே எடுத்துத் தயாராக வைத்துக்கொள்கிறார். அவர் வீரம்மாவுக்கு இரண்டு கை பாக்கி.