உரம் பற்றிய பக்கம்

நவரட்ணராஜா மாஸ்டருக்கு ஓசியில் பெயர் வாங்குகிறவர்களைக் கண்டாலே ஆகாது. யாழ்ப்பாணத்துக்காரர். அம்பிட்டியவில் அறை எடுத்துத் தங்கி, கண்டியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தார். யுத்தம் உச்சத்தில் இருந்த இரண்டாயிரத்து எட்டில், பிள்ளைகள் சேர்ந்து பாடங்களை எழுதித் திருத்தவென்று இணையத்தில் ஒரு விக்கி திறந்தார். யார் கை வைத்தாலும் அதில் பெயர் விழும். கடைசியாக மாற்றியவரின் பெயர் உச்சியில் நிற்கும். சில கெட்டிக்காரர்கள் அடுத்தவர் எழுதியதில் ஓர் இடைவெளியை மட்டும் தட்டிச் சேமித்துவிட்டுத் தங்கள் பெயரை மேலே ஏற்றிக்கொள்வார்கள்.

“உது களவு. புள்ளி பூச்சியம்!” என்று கணினி அறை அதிரக் கத்துவார். அந்த அறை கணினி ஆசிரியையான என் பொறுப்பு. அந்த மனுசனின் வாய் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

கலஹா தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் இராஜேஸ்வரி உரம் பற்றிய பக்கத்தை எழுதினாள். தேயிலைக்கு யூரியா எப்போது போடுவார்கள், ஸ்டோரில் ஈரம் படாமல் எப்படி வைப்பார்கள் என்று அப்பாவிடம் கேட்டு எழுதியது. அருமையான பக்கம். ஆனால் அந்த நாட்களில் தமிழர் யூரியா என்று எழுதினால் குண்டு என்றுதான் வாசித்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதை, பெயர் விழாமல், அச்சடித்துக் கொண்டுபோய்ப் பொலிஸில் கொடுத்துவிட்டான்.

ஒரு நாள் கணினி அறையில் மாஸ்டரின் பாடம் நடக்கும்போதே சிவில் உடையில் இருவர் வந்து நின்றார்கள். மூத்தவர் தாளை நீட்டி, யார் எழுதியது என்று சிங்களத்தில் கேட்டார்.

“டீச்சர், நான்தானே எழுதுனேன், சொல்லிடுறேன்” என்று என் பக்கத்தில் இருந்த இராஜேஸ்வரி எழும்பப் போனாள்.

தோளைப் பிடித்து அமுக்கினேன். கொண்டுபோனால் பிள்ளை எந்தக் கோலத்தில் திரும்பி வரும் என்ற பயம்.

மாஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தைத் தேடுவதுபோல முதுகால் திரையை மறைத்தார். பக்கவாட்டில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது. ஓர் இடைவெளியைத் தட்டினார். சேமித்தார். பிறகு விலகி, உச்சியில் இருந்த தன் பெயரைக் காட்டி, தான்தான் என்று சிங்களத்தில் சொன்னார்.

கொஞ்சம் உருட்டினால், அதற்கு நேர் கீழே அவள் பெயர். அதிகாரியின் கை மௌஸுக்குப் போனது. மாதாவே என்று மனதுக்குள் அலறினேன். அதற்குள் மாஸ்டர் தன் அடையாள அட்டையை நீட்டினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். கை மௌஸை விட்டது. அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

கொண்டுபோன மாஸ்டரை யுத்தம் முடிந்த பிறகுதான் விட்டார்கள். பாதி ஆளாக, ஒரு காது கேட்காமல் கணினி அறைக்கு வந்தார். பயத்தில் ஒருவரும் திறக்காமலே கிடந்தது அந்தப் பக்கம்.

“ஐரின் ரீச்சர், பிள்ளைக்கு நான் இன்னும் புள்ளி போடேல்லை” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைக் கவனிக்காமல் பக்கத்தின் அடியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இராஜேஸ்வரி, நூறு. நவரட்ணராஜா, பூச்சியம்.