தூணின் தோல்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். படிப்பை அரைவாசியில் விட்டவன் நான். எழுதவென்று இருந்தாலே கொட்டாவி வரும். ஆனால் ஜெர்மனியில் எங்கள் ஹம் நகரில் தமிழ்ப் பூசை நடக்கும் தேவாலயத்தை பஸ் கடக்கும்போது இன்னும் முகத்தை மற்றப் பக்கம் திருப்புகிறேன். அதனால் எழுதுகிறேன்.

நூறு வருடங்களுக்கு மேற்பட்ட செங்கல் கட்டடம் அது. வெளியே கரி படிந்த சிவப்பு, ஊசிக் கோபுரம். உள்ளே தூண்கள், வெட்டிய கல்லை அடுக்கியதுபோல் உயர்ந்து போய், கூரையில் விரல்களைக் கோத்ததுபோல் வளைந்து சேரும். அவை கல்லென்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இந்த வசந்தத்தில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைப் பூசைக்குச் சோடனை செய்தோம். பொறுப்பு என் சிநேகிதனுடையது. இலையுதிர்காலத்தில் அவனுடைய கலியாணமும் அங்கேதான். தூணில் எதையும் ஒட்டமாட்டோம் என்று, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெர்மன் பெண்மணியிடம் அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

"துணியை நூலாலை கட்டு. டேப் தொடாதை, விளங்குதே?"

"ஓம் மாப்பிள்ளை, உங்கடை உத்தரவு."

"நீ சப்பாத்து லேஸே கட்டமாட்டாய், அதாலைதான் சொல்லுறன்."

உண்மைதான். நான் வெல்க்ரோ சப்பாத்துக்காரன். அவன் பூ எடுக்கப் போன நேரம் பார்த்து, கலியாண மண்டபங்களில் நாங்கள் வழமையாகச் செய்வதுபோல, பின்தூணில் துணியை டேப்பால் ஒட்டினேன்.

பூசை முடிந்து இழுத்தேன். துணியோடு தூணின் தோலும் வந்தது. உள்ளே வெறும் செங்கல். மேலே பூசிய சாந்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தெரியும் கோடுகளை யாரோ மெல்லிய தூரிகையால் வரைந்திருந்தார்கள். ஏணியில் நின்று, தூண் தூணாக, கூரை வரைக்கும். அதில் ஒரு கையகலம் என் டேப்பில் தொங்கியது. பூச்சாடி ஒன்றை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாடியை எடுத்த பெண்மணி அவனைத்தான் கூப்பிட்டார். யார் செய்தது என்று அவன் சொல்லவில்லை. பொறுப்பு தன்னுடையது என்றானாம். கலியாணத்துக்கு இடம் தருவதா என்று யோசிக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அதை அவன் வந்து சொன்னபோதும் நான் பகிடிதான் விட்டேன்.

"மண்டபத்திலை வை மச்சான், அங்கை ஏசியும் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. அந்தத் தூண்களில் வெள்ளைப் பூ தொங்க வேண்டும் என்று அவனுடைய கலியாணப் பொம்பிளை எத்தனை படம் அனுப்பியிருந்தாள் என்பது எனக்கும் தெரியும்.

நேற்றுத்தான் அந்தப் பெண்மணியிடம் போய் ஒத்துக்கொண்டேன். பெயின்டர் வேலை கொஞ்சக் காலம் பழகினவன், நானே கோடு போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"தயவுசெய்து எதையும் தொடாதீர்கள்" என்றார். பழைய சாந்து வேலை தெரிந்தவர் வருவாராம். கலியாணம் நடக்கலாம், தூணில் ஒரு பூவும் கூடாது.

வெளியே வந்து அவனுக்கு அனுப்பினேன்: "கலியாணம் கோயிலிலைதான். ஆனா தூணிலை பூ ஏலாதாம். டேப் ஒட்டினது நான்தான், மன்னிச்சுக்கொள்ளடா."

பதில் வந்தது: "தெரியுமடா, கலியாணத்துக்காவது லேஸ் கட்டின சப்பாத்தோடை வா."