மறுமுனையில் ஆள் இருக்கிறார்

மரக்காணத்தில் எங்கள் அலுவலகம் என்பது உப்புக் கிடங்கில் ஒரு பாதி. மறுபாதியில் கோணிச் சாக்கும் எலியும். எழுபதுகளின் கடைசி அது. கழுவெளி உப்பங்கழியில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது, முகத்துவாரத்தில் கடல் எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்று அளந்து பட்டணத்துக்குச் சொல்வது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும்தான். கல்யாணமான புதிதில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே ஆபீசா என்று சொந்தக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவருக்கு வேலை முகத்துவாரத்து மணல்மேட்டில், ஒரு தகரக் கொட்டகையில். எனக்கு இங்கே. இடையில் மணல்மேட்டின் மேலேயே நட்ட கம்பங்களில் ஒரு டெலிபோன் கம்பி ஓடியது. இரண்டு முனையிலும் ஒரு டைப் அடிக்கும் மெஷின், அதோடு ஒரு மோடம். நான் அடிக்கும் எழுத்தை என் மோடம் விசில் சத்தமாக மாற்றிக் கம்பியில் அனுப்பும். அந்தப் பக்கத்து மோடம் விசிலைக் கேட்டு எழுத்தாக்கிவிடும். மெஷினில் ஆங்கில எழுத்துதான். அதிலேயே தமிழை அடித்துக்கொள்வோம்.

மெஷினுக்கும் மோடத்துக்கும் நடுவே இருபத்தைந்து பின் உள்ள ஒரு பிளக். இந்தப் பிளக்கைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். இரண்டாம் பின் பேசும், மூன்றாம் பின் கேட்கும். நான்காவது ‘பேசட்டுமா’ என்று கேட்டால் ஐந்தாவது ‘பேசு’ என்று சொல்லவேண்டும். ஏழாவது எல்லாருக்கும் பொதுவான தரை. இருபதாவது ‘மெஷின் தயார்’ என்று மோடத்துக்குச் சொல்லும். எட்டாவதுதான் முக்கியம். அந்தப் பக்கத்து விசில் கேட்கிற வரைக்கும் எட்டில் கரண்ட் இருக்கும், மெஷின் முகப்பில் சிவப்பு விளக்கு எரியும். மறுமுனையில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். விசில் நின்றால் விளக்கு அணைந்து மெஷினும் பூட்டிக்கொள்ளும். “ஒரு வார்த்த பேசறதுக்கு இத்தினி பேரு சம்மதிக்கணும் பாத்தியா, நம்ம கல்யாணம் மாதிரி” என்பார்.

நான் விளக்கை மட்டும் நம்புகிறவள் இல்லை. என் மெஷின், நான் அடிப்பதைத் தானாகத் தாளில் பதிக்காது. எழுத்து கொட்டகை வரைக்கும் போய், அந்த மெஷின் அதை வாங்கித் திருப்பி அனுப்பினால்தான் என் தாளில் விழும். தாளில் விழுந்துவிட்டதென்றால் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான் கணக்கு.

உப்புக் காற்று அந்த ஊரில் பித்தளையையே தின்றுவிடும். அதனால் பிளக்கின் மூடிக்குள் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி அடைத்துவிடுவது அங்கே வழக்கம். எங்களுக்கு முன்னால் வேலை பார்த்த ஆள் இரண்டு பிளக்கையும் அப்படி அடைத்துவிட்டுத்தான் மாற்றலாகிப் போனார். மெழுகை உடைத்து உள்ளே பார்க்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. உள்நாட்டில் மழை பெய்தால் முதலில் ஏறுவது கழுவெளி. அது என் ஜன்னலுக்குத் தெரியும், கொட்டகைக்குத் தெரியாது. அது நிறைந்தால் முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். ஆகவே நான் ‘வா’ என்று அடிக்கவேண்டும், அவர் உடனே இறங்கி வந்துவிடவேண்டும். நான் சொல்லாமல் கொட்டகையை விட்டு நகரக்கூடாது. ‘வா’ என்பது ஆபீஸ் வார்த்தை. இல்லாவிட்டால் நான் புருஷனைப் போய் அப்படிக் கூப்பிடுவேனா?

அன்றைக்கு ஐப்பசி. உப்பு வாரும் காலம் முடிந்து பாத்திகளில் வெறும் மழைத்தண்ணீர் நின்றது. உப்பு அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடியிருந்தார்கள். காற்றே இல்லை. கடல் சத்தம்கூடக் கேட்கவில்லை, யாரோ வாயைப் பொத்தினதுபோல இருந்தது. காலையில் எங்களுக்குள் சண்டை. பழைய சோறு வேண்டாம், பசிக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு போனார். போன கொஞ்ச நேரத்தில் முதல் அளவை அனுப்பினார். அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கழுவெளி வரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ‘வா’ என்று அடித்தேன். எழுத்து தாளில் விழுந்தது. விளக்கும் எரிந்தது. சரி, கிளம்பியிருப்பார் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். வரவில்லை. திரும்ப அடித்தேன். அழகாக விழுந்தது. ஊமைக் கோபமா, வா மகனே, வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன்.

அப்போதுதான் மெஷின் தானாக அடித்தது. நான் அறையின் மறுகோடியில் நின்றிருந்தேன். ஒரு எழுத்து. கொஞ்சம் கழித்து அதே எழுத்து. அப்புறம் அர்த்தமில்லாமல் நாலைந்து. கண் தெரியாதவர் விரலால் தடவித் தடவி அடிப்பதுபோல இருந்தது. “என்னங்க, என்ன சொல்றீங்க?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். ஓடிப்போய் ‘வா வா வா’ என்று அடித்தேன். மூன்றும் திரும்பி வந்தன.

வாசலில் நிழல் தட்டியது. எக்கியார்குப்பத்து மீன்காரர் ஒருவர், எங்களுக்கு அவ்வப்போது நண்டு கொண்டுவந்து தருகிறவர், மூச்சு வாங்க நின்றார்.

“ஏம்மா, சாரு எங்க?”

“கொட்டாயிலதான். ஏண்ணா?”

“மொகத்துவாரம் ஒடச்சிக்கிச்சிமா. மணல் பாதி பூட்ச்சி. நான் அந்தாண்ட இருந்துதான் வர்றேன்.”

“ஐயோ, அவருக்குச் சொல்லிட்டேன்ணா. காலையில இருந்து சொல்லிட்டே இருக்கேன். இதோ பாருங்க, அவரு மெஷின் பதில் குடுக்குது.” அவர் கண் முன்னாலேயே அடித்துக் காட்டினேன். விளக்கு எரிந்தது, எழுத்து விழுந்தது.

அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு அடி பின்னால் போனார். “கம்பமே சாஞ்சி தண்ணில கெடக்குதும்மா. கம்பி அறுந்து கெடக்கறத நான் கண்ணால பாத்தேன். அப்புறம் யாரும்மா உன்கிட்ட பேசறது?”

நான் குனிந்து மோடத்தின் பின்னால் இருந்த டெலிபோன் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். இன்னொரு கையால் ஒரே விரலில் அடித்தேன். எழுத்து விழுந்தது. விளக்கு அசையாமல் எரிந்தது. பிடுங்கின முனை என் கையில் இருக்கிறது, அந்தப் பக்கம் யாருமே இல்லை, மெஷின் மட்டும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள் நான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மீன்காரர்தான் என் தோளை உலுக்கினார். “வாம்மா, கட்டுமரத்த எறக்கலாம்” என்றார்.

மறுநாள் அந்த மெழுகை ஸ்குரூ டிரைவரால் உடைத்துப் பார்த்தோம். முன்னால் இருந்த மகராசன் எட்டாம் பின்னையும் இருபதாம் பின்னையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பற்றவைத்திருந்தார். விளக்கு அடிக்கடி அணைந்து மெஷின் பூட்டிக்கொள்வது அவருக்குத் தொந்தரவாக இருந்திருக்கிறது. மெஷின் தன் குரலையே கேட்டு, மறுமுனையில் ஆள் இருக்கிறார் என்று நம்பிக்கொள்ளும்படி செய்துவிட்டுப் போய்விட்டார். கொட்டகைப் பிளக்கிலும் அப்படியே செய்திருப்பார், சந்தேகமில்லை. அதுபோக, என் பிளக்கில் மெழுகு வெடித்து ஈரம் இறங்கியிருந்தது. இரண்டாம் பின், மூன்றாம் பின் கம்பிகள் இரண்டும் அரித்துத் தனியாகத் தொங்கின. பேசும் பின்னுக்கும் கேட்கும் பின்னுக்கும் நடுவில் வெள்ளையாக உப்பு பூத்து இரண்டையும் சேர்த்திருந்தது. நான் அடித்தது வாசலைத் தாண்டாமலேயே எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. தானாக விழுந்த எழுத்துகளும் அந்த ஈரத்தின் வேலைதான் என்றார் என் வீட்டுக்காரர். இருக்கும். அந்த ஆள் மட்டும் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் நடந்திருப்பது வேறு.

ஆனால் அன்றைக்குக் கரையில் நின்றபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. கழுவெளித் தண்ணீர் பழுப்பாக, சுழித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியது. மீன்காரரும் அவர் மச்சானும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தகரக் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதில் கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஆளா, துணியா என்று தெரியாமல் நின்ற நேரத்தை இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. வேண்டாத தெய்வம் இல்லை. மரம் கூரையை நெருங்கியதும் அந்தக் கறுப்பு எழுந்து நின்றது. நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கரைக்கு வந்தபோது அவருக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. என் புடவைத் தலைப்பால் தலையைத் துவட்டினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதற்கு மேலே ஏதோ இருந்தது.

“லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சி” என்றார். “தண்ணி ஏறி மிசினு முழுவுற வரைக்கும் எரிஞ்சிச்சி. நீ அந்தாண்ட ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்னு தைரியமா இருந்தேன். காலு நனையறப்பகூட, ஆபத்துன்னா அவ கூப்ட்டிருப்பாளேன்னுதான் நெனச்சேன். அவ்ளோ கோவமாடி? ஒரு வார்த்த வான்னு சொல்லக்கூடாதா?”

“சொன்னேங்க” என்றேன். “சத்தியமா சொன்னேன். சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.