லாரிக்காரரின் ஹாரன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கண், காது, மூக்கு வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இல்லை. நடந்தது பட்டப்பகலில்.

அவள் நூலகத்தில் வேலை பார்த்தவள். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் முதலில் அவள் காலைப் பிடித்தது. பிறகு தொண்டையைப் பிடித்தது. வெறும் தண்ணீர்கூடத் தடம் மாறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மோவாயைத் தாழ்த்தி ஒரு வாய் விழுங்கவேண்டும். பிறகு வெறுமனே இன்னொரு முறை விழுங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் மருத்துவர் போட்ட ஒரு கட்டளை: தனியாகச் சாப்பிடாதே. சொல்வது சுலபம். அந்த மாடி அறையில் அவளும் நாலு சுவரும்தான்.

சிகிச்சைக்குப் போன இடத்தில் அதே நோயோடு, அதே தனிமையோடு ஒருவர் கிடைத்தார். பழைய லாரி ஓட்டுநர். இருவரும் போனில் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு நாற்பது, மாலை ஏழு. சாப்பிடும்போது பேச்சு கூடாது. ஒரு வாய் இறங்கினால் கரண்டியால் ஒரு தட்டு. அடைத்துக்கொண்டால் விடாமல் தட்டவேண்டும்; அதற்கு அவர் வைத்த பேர் ஹாரன். மற்றவர் உடனே ஆள் அனுப்புவார்.

“நான் ஹாரன் அடிக்கிறப்ப தூங்கிடாதே தங்கச்சி,” என்பார்.

“நான் எங்கண்ணே தூங்குறேன்.”

அந்த ஐந்து மாதம்தான் அவள் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டாள்.

அன்று காலை நோயின் அசதி அவளை அமுக்கிப் போட்டுவிட்டது. விழித்தபோது மணி பத்தரை. எட்டு நாலுக்கு அவர் அழைத்திருந்தார். திருப்பி அழைத்தாள். எடுக்கவில்லை. கோபம் போலிருக்கிறது, மதியம் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

சரியாக 12:40. போன் அடித்தது. அவர் நம்பர்தான்.

“அண்ணே, காலையில அசந்துட்டேன். கோவமா?”

டக்.

சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அவளும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஆனால் ஏதோ இடித்தது. அவர் வீட்டு மின்விசிறி எப்போதும் கிறீச்சிடும். இன்று இல்லை. வாய்க்கு ஒரு முறை இருமுவார். அதுவும் இல்லை. கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம்தான் வழக்கம். இது மரத்தில் படும் சத்தம்...

12:52. போனைப் பார்த்தாள். திரை இருட்டாக இருந்தது.

தொட்டாள். அழைப்பே இல்லை.

டக்.

அவளுக்கு எதிரே... மேசையின் மறு ஓரத்தில்...

நாற்காலி காலியாக இருந்தது.

பயத்தில் மோவாயைத் தாழ்த்த மறந்தாள். வாயில் இருந்தது தொண்டையில் நின்றது. மூச்சு வரவில்லை. இருமலும் வரவில்லை.

இரண்டு கையும் கழுத்தில்.

டக்... டக்... டக்டக்டக்டக்...

தரை அதிர்ந்தது.

கதவு திறந்தது.

கீழ்வீட்டுத் தையல்கார அக்கா. மாற்றுச் சாவி அக்காவிடம்தான் இருந்தது; விடாமல் தட்டும் சத்தம் கேட்டால் ஏறி வரும்படி முன்பே சொல்லிவைத்திருந்தாள். அக்கா அவளைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஐந்து அடி கொடுத்தாள். அடைத்தது வெளியே வந்து விழுந்தது. அறையில் சத்தம் நின்றுவிட்டது.

மூச்சு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, அவருக்குப் போன் போட்டது. மகள் எடுத்தாள்.

“அப்பா காலையில போயிட்டாரு. சாப்பாடு அடைச்சுக்கிச்சு. எட்டே கால் இருக்கும்ங்கிறாங்க. மேசையெல்லாம் கரண்டியால தட்டின தழும்பு... பக்கத்துல ஒருத்தரும் இல்ல.”

அவள் போனை வைத்தாள். அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். எட்டு நாலு இருந்தது. பன்னிரண்டு நாற்பது இல்லை. நான் எடுத்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்று அழுதாள்.

விஷயம் தெரியாத தையல்கார அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“நல்ல வேளை, இந்த தடவை நீ விடாம தட்டினே. காலையிலயும் எட்டே காலுக்கு இப்படித்தான் தட்டினே. மெஷினை நிறுத்திட்டு எழுந்தேன். அதுக்குள்ள சத்தம் நின்னுபோச்சு. சரி, இறங்கிடுச்சு போலன்னு உட்கார்ந்துட்டேன்.”

எட்டே காலுக்கு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த மேசையிலிருந்து நாலடி தள்ளி.