மாமன் மடியில் விழுந்த நிழல்

கம்பம் ஊரில் வீடியோ மிக்சிங் கடை வைத்திருந்த காலம். காலையில் விளக்கேற்றி, திருநீறு பூசி, கம்ப்யூட்டர் நெற்றியிலும் ஒரு கீற்று இட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவேன்.

கூடலூரிலிருந்து ஒரு பெண் வீட்டுக்காரரோடு வந்தாள். மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுடைய ஒரே தம்பிக்கோ துபாயில் லீவு கிடைக்கவில்லை.

"சித்தப்பா மடியில வைக்கச் சொல்றாக. நான் மாட்டேண்ணே. வீடியோவிலயாச்சும் பிள்ளை என் தம்பி மடியில இருக்கணும்."

நான் சொன்னபடி துபாயில் தம்பி நீலப் போர்வைக்கு முன்னால், வெறும் மடியோடு உட்கார்ந்து படம் பிடித்து சிடியில் அனுப்பினான். இங்கே பிள்ளையை நீலத்துணி போர்த்திய நாற்காலியில் உட்காரவைத்துக் குத்தினார்கள், பின்னாலும் நீலத்துணி. கம்ப்யூட்டரில் நீலத்தை அழித்தால் ஆள் மட்டும் மிஞ்சும். அடியில் கோயில் மண்டபம், அதன்மேல் மாமன், அதற்கும் மேல் பிள்ளை என்று லேயர் லேயராக அடுக்கினேன். மாமனின் கையை மட்டும் தனியே வெட்டிப் பிள்ளையின் இடுப்புக்கு முன்னால் கொண்டுவந்தேன். அணைத்துக்கொண்டது.

அந்த நாட்களில் தெருவில் நடந்தாலும் எனக்கு எல்லாம் லேயராகத்தான் தெரியும். மலை, அதன்மேல் மேகம், முன்னால் திராட்சைப் பந்தல். அடுக்கியவனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அந்த மயக்கத்திலேயே, மரியாதையாக இருக்கட்டும் என்று மாமனைச் சுற்றி இளமஞ்சள் ஒளி கொடுத்தேன். ஓரங்களைப் பனிபோலக் கரையவிட்டேன். சாமி படங்களுக்கு அப்படித்தான் செய்வேன்.

இருவரும் கடைக்கு வந்து பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீக? என் தம்பி உசுரோட இருக்கான்! மாலையும் ஊதுபத்தியுந்தான் பாக்கி."

"மச்சினன் இங்கன இருந்தப்ப இம்புட்டு வெளிச்சமா இருந்ததில்லையே" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க."

 தேவர்களுக்கு நிழல் விழாது, கால் தரையில் பாவாது என்று கோயிலில் கதை சொல்லக் கேட்டிருக்கிறேன். இவன் மனுசன். இவனுக்கு நிழல் வேண்டும்.

அவர்களைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு ஒளியை எடுத்தேன். ஓரங்களைக் கெட்டியாக்கினேன். மண்டபத்தில் வெயில் இடப்பக்கமிருந்து விழுந்திருந்தது. அதே சாய்வில் மாமனுக்குத் தரையில் ஒரு நிழல் போட்டேன். பிள்ளையின் நிழலை மாமன் மடியில் விழவிட்டேன்.

ஓடவிட்டேன். காதில் ஊசி பட்டதும் பிள்ளை வீறிட்டுக் காலை உதைத்தான். மாமனின் வெள்ளை வேட்டியில் அந்த நிழலும் உதைத்தது.

அவள் பெஞ்சை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டே போனாள்.

"பாத்துப் பிடிடா" என்றாள் தம்பியிடம். "விழுந்துறப் போறான்."